முடிவு தெரிந்த பின்னும் வாசிக்கலாம்: சில த்ரில்லர் நாவல்கள்

சென்ற வருடம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐசே, வாசிக்கிறதுக்கு நல்ல த்ரில்லர் நாலைஞ்சு சொல்லும்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் சிறுபத்திரிகைகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். நான் சங்கர்லால் கதைகளை ஒளித்துவைத்து வாசித்ததைக் கண்டுபிடித்து ஒரு மாதம் கேலி செய்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் இரண்டு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று வாசிப்பு மெல்ல மெல்லக் கைவிட்டுப் போனது. இப்போது சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு இணைந்திருக்கவேண்டிய நிலை.

"இலக்கியம் பிறகு பார்ப்பம். இப்ப எனக்கு நாலு மணித்தியாலம் போகவேணும். பக்கம் தானாத் திரும்பவேணும்" என்றார். கூடவே இரண்டு நிபந்தனைகள். ஊசி ஏற்றிய கையை அசைக்க முடியாது. ஆகவே ஒரு கையால் பிடிக்கக்கூடிய பாரமற்ற புத்தகமாக இருக்கவேண்டும். தாதிமார் இடையிடையே வந்து இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். விட்ட இடத்தில் தொடரக்கூடியதாக இருக்கவேண்டும்.

அன்றிரவு என் அலமாரியின் முன்னால் நின்றபோது ஒன்று புரிந்தது. த்ரில்லர் என்ற பெயரில் நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை எனக்கு நினைவிலேயே இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு திருப்பம், அத்தோடு சரி. ஆனால் சில நாவல்களை, முடிவு நன்றாகத் தெரிந்தும், மூன்றாம் தடவையும் நாலாம் தடவையும் எடுத்திருக்கிறேன். அவருக்குக் கொடுக்கவேண்டியவை அவைதான் என்று முடிவுசெய்தேன். அந்தப் பட்டியலையே இங்கே தருகிறேன். முடிவுகளை வெளியிடமாட்டேன், வாசகர்கள் பயப்படவேண்டாம்.

மேசையின் கீழே குண்டு

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடவேண்டும். மர்மக் கதை வேறு, சஸ்பென்ஸ் வேறு. இதை எல்லோரையும்விட எளிமையாக விளக்கியவர் திரைப்பட இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோ 1962இல் அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் 1966இல் புத்தகமாக வந்தது. அதில் அவர் ஓர் உதாரணம் சொல்கிறார். இருவர் மேசையில் இருந்து சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசையின் கீழே இருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சில விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு இருப்பதும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்னரே பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்? அந்தச் சாதாரணப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் நெஞ்சை அடைக்கும். முதலாவது அதிர்ச்சி. இரண்டாவதுதான் சஸ்பென்ஸ்.

அதாவது, சஸ்பென்ஸ் என்பது வாசகரிடமிருந்து விஷயத்தை மறைப்பதால் மட்டும் வருவதல்ல. சொல்லிவிடுவதாலும் வருவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் புத்தகங்களை நான் ஏன் தெரிவுசெய்தேன் என்பது விளங்கும்.

தோற்கும் என்று தெரிந்த திட்டம்

முதல் புத்தகம் பிரெடரிக் ஃபோர்சைத் எழுதிய 'த டே ஒஃப் த ஜக்கால்' (1971). பிரான்ஸ் ஜனாதிபதி டி கோலைக் கொல்ல ஒரு வாடகைக் கொலையாளி அமர்த்தப்படுகிறான். கூலி ஐந்து லட்சம் டொலர். டி கோல் கொலை செய்யப்படவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். அவர் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாகவே இறந்தார். ஆகவே முதல் பக்கத்தைத் திறக்க முன்னரே முடிவு தெரியும். ஃபோர்சைத் கையெழுத்துப் பிரதியோடு அலைந்தபோது டி கோல் உயிரோடேயே இருந்தார். இதில் என்ன விறுவிறுப்பு இருக்கப்போகிறது என்று பதிப்பாளர்கள் பலர் அதைத் திருப்பியனுப்பினார்கள்.

அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்று. இந்த நாவலின் கேள்வி 'நடக்குமா' என்பதல்ல, 'எவ்வளவு தூரம் போவான்' என்பதே. 1962 ஓகஸ்ட் 22ஆம் திகதி பாரிஸ் அருகே பெத்தி-கிளமார் என்னும் இடத்தில் டி கோலின் கார்மீது உண்மையாகவே சரமாரியாகச் சுட்டார்கள். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததை மன்னிக்காத இராணுவத்தினர் செய்த வேலை. அதற்குத் தலைமைதாங்கிய பஸ்தியான்-திரி 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாவல் இந்த உண்மைச் சம்பவத்தில் தொடங்கி, எந்த இடத்தில் கற்பனைக்குள் நுழைகிறது என்று தெரியாமலே நுழைந்துவிடுகிறது. ஃபோர்சைத் அந்தக் காலத்தில் ரொய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இருந்தவர். நாவலை 35 நாட்களில் எழுதி முடித்தார் என்பார்கள். 2025 ஜூனில் அவர் காலமானார்.

இறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு பாஸ்போர்ட் எடுப்பது, துப்பாக்கியைப் பகுதி பகுதியாகச் செய்விப்பது, தலைமயிருக்குச் சாயம் பூசுவது என்று எல்லாமே ஒரு தச்சன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். மறுபுறம் லெபெல் என்ற சாதாரணத் தோற்றமுள்ள பொலிஸ் அதிகாரி. மனைவிக்குப் பயந்தவர், பெரியவர்களின் கூட்டத்தில் கூனிக்குறுகி நிற்பவர். இரண்டு பக்கமும் வேலை தெரிந்தவர்கள். வேலை தெரிந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே ஒரு சுகம் இருக்கிறது.

பிழையான ஆளின் பக்கம்

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் பற்றிசியா ஹைஸ்மித்தின் 'த டலென்ரெட் மிஸ்டர் ரிப்ளி' (1955). நியூயோர்க்கில் சின்னச் சின்ன மோசடிகள் செய்து காலத்தை ஓட்டும் ரொம் ரிப்ளி என்ற இளைஞனிடம் ஒரு பணக்காரத் தந்தை வருகிறார். இத்தாலியில் பொழுதுபோக்கித் திரியும் தன் மகன் டிக்கியைத் திருப்பிக் கூட்டிவரவேண்டும், செலவு அவருடையது. ரிப்ளி போகிறான். டிக்கியின் உடை, மோதிரம், வெய்யில், கடல், கவலையில்லாத பேச்சு எல்லாவற்றையும் பார்க்கிறான். அவனோடு நட்பாக இருப்பது போதாது, அவனாகவே இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

கொலைகாரன் யார் என்பது இங்கே இரகசியமே இல்லை. பயங்கரம் வேறொன்று. பொலிஸ் கதவைத் தட்டும்போது அவன் அகப்படக்கூடாதே என்று நமக்குப் பதைக்கிறது. ஏன் அப்படி நினைத்தோம் என்று புத்தகத்தை மூடிவைத்து யோசிக்கவேண்டியிருக்கிறது. ஏழையாகப் பிறந்து, பணக்காரரின் வீட்டு மேசையில் எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் ஒருதடவையாவது தடுமாறியவர்களுக்கு ரிப்ளியின் மனம் புரியாமல் போகாது. புலம்பெயர்ந்து வந்து பிறத்தியாரின் உடையையும் உச்சரிப்பையும் பார்த்துப் பழகிய எங்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். அதுதான் சங்கடம்.

இதோடு சேர்த்து ஐரா லெவினின் 'எ கிஸ் பிஃபோர் டையிங்' (1953) நாவலையும் சொல்லவேண்டும். லெவின் இதை எழுதியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பெரும் செப்புச் சுரங்க முதலாளி ஒருவரின் மகளைக் காதலித்துச் சொத்தை அடைய நினைக்கும் ஒருவன். நாவலின் முதற் பகுதி முழுவதும் அவன் கூடவே இருக்கிறோம், அவன் மனதை வாசிக்கிறோம். ஆனால் அவனுக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை, வெறும் 'அவன்'தான். இரண்டாம் பகுதியில் பெயருள்ள பல இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களில் அந்த 'அவன்' யார்? இந்த உத்தி எழுத்தில் மட்டுமே சாத்தியம், ஏனென்றால் சினிமாவில் முகத்தைக் காட்டியாகவேண்டும். 'பாஸிகர்' (1993) என்ற ஹிந்திப் படம் பார்த்தவர்களுக்குக் கதை ஓரளவு தெரிந்ததாக இருக்கும். பரவாயில்லை, புத்தகம் வேறு அனுபவம்.

உளவாளியின் களைப்பு

உளவு நாவல் என்றால் ஜேம்ஸ் பொண்ட்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கு நேர் எதிரானது ஜோன் லெ கரேயின் 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரொம் த கோல்ட்' (1963). லெ கரே என்பது புனைபெயர். டேவிட் கோர்ன்வெல் என்ற அந்த மனிதர் பிரித்தானிய உளவுத் துறையிலேயே வேலை செய்தவர். இந்த நாவலின் வெற்றிதான் அவரை அந்த வேலையிலிருந்து விடுவித்தது. 2020 டிசம்பரில் காலமானார்.

பேர்லின் சுவர் 1961இல் எழுந்தது. அந்தச் சுவரின் சோதனைச் சாவடியில், கிழக்கிலிருந்து வரவேண்டிய ஒரு மனிதனுக்காகக் காத்திருப்பதில் நாவல் தொடங்குகிறது. காத்திருப்பவர் லீமாஸ், ஐம்பது வயதை எட்டிய, களைத்துப்போன உளவாளி. அவரை லண்டனுக்கு அழைத்துக் கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறார்கள். குடிகாரனாக, நன்றிகெட்டவனாக, எதிரி விலைக்கு வாங்கக்கூடியவனாக அவர் நடிக்கவேண்டும். நடிப்பு எங்கே முடிகிறது, உண்மை எங்கே தொடங்குகிறது என்பதே சஸ்பென்ஸ். துப்பாக்கிச் சண்டை மிகக் குறைவு. கதிரைகளில் இருந்து கதைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கதைகளின் கீழே குண்டு இருக்கிறது.

இயக்கம், அரசு, இலட்சியம் என்ற பெயர்களால் தனிமனிதர்கள் எப்படிச் செலவழிக்கப்படுகிறார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நாவல்கள் குறைவு. எங்கள் அனுபவத்தில் இருந்து வருகிற வாசகர் ஒருவர் இதை வெறும் பொழுதுபோக்காக வாசிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. நண்பரிடம் கொடுக்கும்போது இதை மட்டும் சற்று யோசித்தே கொடுத்தேன்.

வீட்டை நினைத்து எழுதியது

டாஃப்னே டு மோரியேயின் 'ரெபெக்கா' (1938) காதல் கதை என்று பெயர்பெற்றது. அது பாதிதான் உண்மை. வசதியற்ற ஓர் இளம்பெண் மனைவியை இழந்த பணக்காரர் ஒருவரை மணந்து, மாண்டர்லி என்னும் பெரிய வீட்டுக்கு வருகிறாள். முதல் மனைவி ரெபெக்கா இறந்துவிட்டாள். ஆனால் வீடு முழுவதும் அவள்தான். நாளின் ஒழுங்கு, மேசையின் கடிதத்தாள், வேலைக்காரர்களின் பார்வை எல்லாம் அவளுடையவை. கதை சொல்லும் இந்த இரண்டாம் மனைவிக்கு நாவல் முடியும்வரை பெயரே கொடுக்கப்படவில்லை.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம். இந்தக் கதை முழுவதும் பிறநாட்டு ஹொட்டல் ஒன்றில் இருந்துகொண்டு திரும்பிப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அவர்கள் இனி ஊருக்குப் போகமாட்டார்கள். தாமதமாக வரும் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்தி வாசித்துக்கொண்டு, ஊரைப்பற்றி அதிகம் கதைக்காமல் கவனமாக இருக்கிறார்கள். டு மோரியே இதை எழுதத் தொடங்கியபோது, இராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கோர்ன்வோல் கரையை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவர். இது தெரிந்தபின் அந்த முதல் அத்தியாயங்களை நான் வேறுமாதிரி வாசிக்கத் தொடங்கினேன்.

ஹிட்ச்கொக் 1940இல் இதைப் படமாக்கினார். அவ்வருடத்தின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. ஆனால் அக்காலத் தணிக்கை விதிகளுக்காகக் கதையின் முக்கியமான ஓர் இடத்தை மாற்றவேண்டியிருந்தது. படம் பார்த்தவர்களும் புத்தகத்தை வாசிக்கவேண்டும் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாலு நிமிடமும் ஒரு வாக்குறுதியும்

ஆங்கிலத்துக்கு வெளியே இரண்டு, இரண்டுமே மெல்லிய புத்தகங்கள். ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மற்சுமோட்டோவின் நாவல் 1958இல் நூலாக வந்தது. ஆங்கிலத்தில் 'பொயின்ட்ஸ் அன்ட் லைன்ஸ்' என்றும், அண்மைய பதிப்பில் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்றும் கிடைக்கிறது. கியூஷு தீவின் கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லோரும் கடந்துபோக, வயதான உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவருக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். இறந்தவனின் சட்டைப்பையில் ரயில் உணவுப் பெட்டியில் சாப்பிட்ட பற்றுச்சீட்டு இருக்கிறது. அதில் ஒருவர் சாப்பிட்டதாகவே இருக்கிறது. காதலி சாப்பிடவில்லையா? அந்தத் துண்டுக் கடதாசியிலிருந்து கதை விரிகிறது. டோக்கியோ நிலையத்தில் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடையைப் பார்க்கக்கூடிய இடைவெளி நாளுக்கு நாலு நிமிடம் மட்டுமே. ரயில் நேர அட்டவணையை இவ்வளவு பதற்றத்தோடு வாசிக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

மற்றது சுவிற்சர்லாந்தின் ஃப்ரீட்ரிக் டியூரன்மாற் எழுதிய 'த ப்ளெட்ஜ்' (1958). துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்று அவரே உபதலைப்பு வைத்தார். கொலையுண்ட சிறுமியின் தாய்க்குக் கொலைகாரனைப் பிடிப்பேன் என்று பொலிஸ் அதிகாரி மத்தேயி சத்தியம் செய்துகொடுக்கிறார். உத்தியோகம் போகிறது, மரியாதை போகிறது. நெடுஞ்சாலையில் ஒரு பெற்றோல் நிலையத்தை எடுத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்குகிறார். அவருடைய கணக்குச் சரியா பிழையா என்பதைவிட, கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்று டியூரன்மாற் கேட்கிறார். எல்லா முடிச்சும் கடைசிப் பக்கத்தில் அழகாக அவிழும் கதைகளில் அலுத்தவர்களுக்கு இது மருந்து.

கடைசியாக, ஒரு தடித்த புத்தகம்

வில்கி கொலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' (1868) பாரமான புத்தகம், நண்பரின் நிபந்தனைக்கு ஒத்துவராதது. ஆனாலும் சேர்த்தேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கில அதிகாரி ஒருவன் கொள்ளையடித்த வைரம் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வருகிறது. அன்றிரவே காணாமற் போகிறது. வைரத்தைத் தேடி மூன்று பிராமணர்கள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முன்னோடிகளில் ஒன்றான இதில் உண்மையான திருடன் யார் என்ற கேள்வி 1799இலேயே எழுப்பப்பட்டுவிடுகிறது. கதையைப் பலர் மாறிமாறிச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தன்னை அறியாமலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறார்கள். டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அடுத்த கிழமைக்கான தவிப்பை வைத்துவிட்டுப் போகும் அந்த வித்தை, குமுதமும் கல்கண்டும் வாசித்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல.

நண்பர் சொன்னது

புத்தகங்களைக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கோபத்தோடு அழைத்தார். 'ரெபெக்கா'வில் நூறு பக்கம் போயிருக்கிறார். அட்டையைப் பார்த்த தாதி ஒருவர், தான் படம் பார்த்ததாகச் சொல்லி முடிவையும் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டாராம். "இனி என்னத்துக்கு வாசிக்கிறது?" என்றார். படத்தில் கதையை மாற்றியிருக்கிறார்கள், வாசித்துப் பாரும் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து அவரே எடுத்தார். "முடிவு தெரிஞ்சாப்பிறகுதான் ஐசே, அந்தப் பெட்டை ஏன் இப்பிடிப் பயப்பிடுறாள் எண்டு ஆறுதலாப் பார்க்க நேரம் கிடைச்சது. நல்லாத்தான் எழுதியிருக்கிறாள்" என்றார். நான் சிரித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ர கதையின்ர முடிவும் எனக்குத் தெரியும்தானே. அதுக்காகச் செவ்வாய்க்கிழமை போகாமல் விடுறனே?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. அடுத்த புத்தகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'ஜக்கால்' அல்லது 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' இரண்டில் ஒன்றோடு தொடங்கலாம். பிறகு ரிப்ளி, லெவின், ரெபெக்கா. லெ கரேயையும் டியூரன்மாற்றையும் அடுத்தடுத்து வாசிக்கவேண்டாம், மனம் கனத்துவிடும். பொது நூலகங்களில் இவற்றைத் தேடிப்பாருங்கள், பழைய புத்தகக் கடைகளிலும் மலிவாக அகப்படலாம்.

'மூன்ஸ்டோன்' பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு கையால் தூக்க முடியாது என்பதால் நண்பர் அதைச் சவர அலகால் நாலு துண்டாக வெட்டிவிட்டார். நல்லவேளை, பழைய கடையில் வாங்கியது. ஊரில் நாங்கள் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து ஒன்றாகக் கட்டி வைப்போம். இவர் கட்டியதைப் பிரித்திருக்கிறார். இப்போது மூன்றாவது துண்டில் நிற்கிறார். "வைரத்தை எடுத்தது ஆர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்" என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறார்.